வாத்துக்கறி அருமை, அந்த ஈரல் மட்டும் வேண்டாம்

திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு சாலையோர மெஸ். அறுவடை முடிந்த வயலில் மேய்ந்த பட்டி வாத்து, மிளகு தூக்கலாக, எலும்பு வரைக்கும் வெந்து, வெறும் குழம்பை ஊற்றியே ஒரு தட்டுச் சோறு இறங்கிவிடும் போல இருந்தது. ஆனால் பரிமாறியவர் குனிந்து, "அண்ணே, காட்டு வாத்து ஈரலும் இருக்கு, உடம்புக்கு நல்லது" என்றார் பாருங்கள், அதுதான் பிடிக்கவில்லை.

கோடியக்கரைக்குப் பனிக்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி எல்லாம் வேட்டையாடுவதே 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அது ஒருபக்கம் இருக்கட்டும். இரையை அரைக்கச் சிறுகல் விழுங்கும் வாத்து, வேட்டைத் துப்பாக்கியிலிருந்து சிதறிச் சேற்றில் கிடக்கும் ஈயக்குண்டையும் சேர்த்து விழுங்கும், அது இரைப்பையில் தேய்ந்து கரைந்து ரத்தத்தில் கலந்து ஈரல், சிறுநீரகம், எலும்பு என்று போய்த் தங்கும். காட்மியம் என்ற நச்சு உலோகமும் ஈரலிலும் சிறுநீரகத்திலும்தான் சேரும். எத்தனை விசில் விட்டாலும் உலோகம் போகாது, கிருமிதான் சாகும். அமெரிக்காவில் நீர்ப்பறவை வேட்டைக்கு ஈயக்குண்டை 1991லேயே தடை செய்துவிட்டார்கள்.

கல்லாவில் சொன்னேன், சிரித்துக்கொண்டே சில்லறை கொடுத்தார். குழந்தைகளோடு போகிறவர்கள் பட்டி வாத்து என்று கேட்டு வாங்குங்கள். வண்டி நிறுத்த இடமில்லை. ஐந்துக்கு மூன்று.