டிக்கெட் எடுத்து உணவுத் திருவிழாவா, நடந்து போய் மாசி வீதியா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்திருக்கிறார்கள், மதுரைச் சாப்பாட்டை ஒரே சாயங்காலத்தில் காட்டிவிட வேண்டும் என்றால், டிக்கெட் போட்டு நடத்துகிற உணவுத் திருவிழாவுக்குக் கூட்டிப் போகாதீர்கள், மீனாட்சி கோயிலைச் சுற்றிப் போகிற மாசி வீதிகள் பக்கம் இருக்கிற விளக்குத்தூணுக்குக் கூட்டிப் போங்கள். சென்னையிலிருந்து வந்த மாமா குடும்பத்தோடு ரிங் ரோட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் நடந்த விழாவுக்குப் போனோம், மறுநாள் ராத்திரி அதே ஆட்களோடு டவுனுக்குள் சுற்றினோம், அதனால் இரண்டும் நாக்கில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறது.

கூட்டம் இரண்டு இடத்திலும்தான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக்குள் இறங்கி நிற்கிற ஊர் இது, கூட்டத்துக்கு நாம் பயப்படுகிறவர்கள் இல்லை. ஆனால் கீழமாசி வீதியில் கூட்டம் ஓடிக்கொண்டே இருக்கும்: வருகிறார், வாங்குகிறார், நின்றபடியே குடித்துவிட்டு டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுகிறார். அந்த ஓட்டத்தால்தான் சட்டியில் இருப்பது பழசாவதற்குள் தீர்ந்து அடுத்தது சூடாக வருகிறது. விழாவில் கூட்டம் நிற்கிறது. உள்ளே நுழைய ஒரு வரிசை, கூப்பன் வாங்க ஒரு வரிசை, கூப்பனைக் காட்டி சாப்பாடு வாங்க இன்னொரு வரிசை, அதுவும் கடைசி வரிசையில் பாதி தூரம் போன பிறகுதான் "பிரியாணி முடிஞ்சிருச்சு" என்று ஒரு பையன் வந்து சொல்கிறான். மிச்சக் கூப்பனுக்குப் பணம் திரும்பக் கிடையாது என்று டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். இது எனக்கு ரொம்பக் கோபம் வந்த இடம், ஏனென்றால் தீர்ந்துபோனது அவர்கள் சரக்கு, நஷ்டம் மட்டும் நமக்கு.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். கறி தோசை எப்படிச் சுடுவார்கள் என்று சிம்மக்கல் பக்கம் போய்த் தோசைக்கல் பக்கத்தில் நின்று பாருங்கள். தடிமனாக மாவு ஊற்றி, அது பாதி வேகும்போது மேலே முட்டை, முட்டை பிடிக்கும் முன்னால் மசாலாவில் வெந்த கொத்துக்கறியை அள்ளிப் பரப்பி, கரண்டியால் அழுத்தி, எண்ணெய் விட்டு அப்படியே புரட்டிப் போடுவார்கள். அந்தப் புரட்டல்தான் முக்கியம். கறி கல்லில் நேராகப் படும்போது ஓரமெல்லாம் கருகலாகப் பிடித்து ஒரு வாசம் வரும், முட்டையும் கறியும் மாவும் ஒன்றாகிவிடும். விழாவில் என்ன செய்தார்கள் என்றால், முன்கூட்டியே சுட்ட ஊத்தப்பத்தை அடுக்கி வைத்து, ஆள் வர வர ஒன்றை எடுத்துச் சூடு காட்டி, மேலே கறிக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றிக் கொடுத்தார்கள். புரட்டவே இல்லை. ஒரே ஸ்டாலில் கறி தோசை, நூடுல்ஸ், ஷவர்மா, பானிபூரி என்று பத்துப் பதினைந்து அயிட்டம் போட்டால் எந்த மாஸ்டருக்குத்தான் ஒரு தோசைக்கு நேரம் இருக்கும்? அவர்மேல் எனக்கு வருத்தமே இல்லை, அந்த மனிதர் வியர்த்து ஊற்ற நின்றுகொண்டிருந்தார்.

ஜிகர்தண்டாவும் அப்படித்தான். பாலை மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சினால்தான் அந்த இளஞ்சிவப்பு நிறமும் கெட்டியும் வரும், பாதாம் பிசினை முந்தின ராத்திரியே ஊறப் போட வேண்டும், அப்புறம் நன்னாரி சர்பத், ஐஸ்கிரீம். விழாவில் கிடைத்தது வெள்ளைப் பாலில் ரோஸ் எசன்ஸ். பிசின் சரியாக ஊறாமல் நடுவில் கல் மாதிரி ஒரு கட்டி, மாமா பொண்ணு பல்லில் கடிபட்டு அப்படியே துப்பிவிட்டாள். "மாப்ள, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்?" என்று மாமா கேட்டபோது எனக்குத்தான் சங்கடமாக இருந்தது, ஏனென்றால் அவர்கள் மதுரை ஜிகர்தண்டா என்று முதல்முதலாகக் குடித்தது அதைத்தான்.

சால்னா பற்றி ஒரு வார்த்தை. நம்மூர் பரோட்டாக் கடையில் சால்னா வாளி நம்மைத் தேடி வரும், பிய்த்துப் போட்ட பரோட்டா மூழ்கும்வரை ஊற்றுவார்கள், காசு கேட்க மாட்டார்கள். விழாவில் சின்ன பிளாஸ்டிக் கப்பில் கொடுத்துவிட்டு, இன்னொரு கப்புக்குத் தனிக் கூப்பன் கேட்டார்கள். மதுரையில்!

போஸ்டரில் வைன் என்றும் போட்டிருந்தார்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மதுவிற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது, நாசிக் பக்கம் தோட்டத்திலேயே ருசி பார்க்க ஊற்றித் தருவதுபோல இங்கே மைதானத்தில் ஸ்டால் போட்டு ஊற்றுவது லேசான காரியம் இல்லை. உள்ளே போனால் வைன் கிளாஸில் பாட்டில் திராட்சை ஜூஸ், சர்க்கரைத் தண்ணீர். வைன் தராததில் எனக்குக் குறை இல்லை, குடும்பத்தோடு வருகிற இடம். ஆனால் பக்கத்திலேயே கம்பம் பள்ளத்தாக்கு இருக்கிறது, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சை வருஷம் முழுக்க அங்கே காய்க்கிறது, கருநீலமாக, கொட்டையோடு, வாயில் போட்டதும் மணக்கிற பழம். அதைப் பெட்டி பெட்டியாக இறக்கி, கண்முன்னால் பிழிந்து கொடுத்திருந்தால் அந்த ஒரு ஸ்டாலுக்காகவே டிக்கெட் காசு தகும்.

விழாவுக்கு ஆதரவாகச் சொல்ல எனக்கு இரண்டு விஷயம் உண்டு. அத்தைக்கு முழங்கால் வலி, அவர்கள் உட்கார நாற்காலி கிடைத்தது. கழிப்பறையும் சுத்தமாக இருந்தது, பெண்களோடும் குழந்தைகளோடும் போகிறவர்களுக்கு இது பெரிய விஷயம், மாசி வீதிகளில் இது லேசில் கிடைக்காது.

திறந்தவெளியில் கூட்டத்துக்குச் சமைக்கவே முடியாது என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சித்திரைப் பொருட்காட்சி நடக்கும்போது டெல்லி அப்பளக் கடையில் அப்பளம் மட்டும்தான், மிளகாய் பஜ்ஜிக் கடையில் பஜ்ஜி மட்டும்தான். எண்ணெயிலிருந்து நேராகக் கைக்கு வரும், காசை நீட்டினால் போதும்.

டவுனுக்குள் போகிறவர்கள் காரை வடக்கு ஆவணி மூல வீதியில் இருக்கிற பல அடுக்குப் பார்க்கிங்கில் விட்டுவிடுங்கள். ஏழு மணிக்குக் கிளம்பி முதலில் சிம்மக்கல்லில் கறி தோசை, இரண்டு பேருக்கு ஒன்று போதும், ஆளுக்கு ஒன்று வாங்கினால் அடுத்த கடையில் வயிற்றில் இடம் இருக்காது. அப்புறம் நடந்தே கீழமாசி வீதி வழியாக விளக்குத்தூண், அங்கே ஜிகர்தண்டா. நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் அந்த ஒரு துண்டுக்கு மட்டும் ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.