சளி கிடைக்காத குழந்தைக்குக் காசநோய் அட்டவணை: பயன்படுத்திப் பார்த்தால்

பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நுரையீரல் காசநோய்க்காக உலக சுகாதார நிறுவனம் 2022-ல் தந்த மதிப்பெண் அட்டவணை, சிறிய மருத்துவமனைகளுக்கு உண்மையிலேயே கைகொடுக்கிறது. சின்னக் குழந்தைகள் சளியை விழுங்கிவிடுவார்கள். கிடைத்தாலும் அதில் கிருமி குறைவு. அதனால் 'நெகட்டிவ்' ரிப்போர்ட்டை நம்பிக் குழந்தையைத் திருப்பி அனுப்பக் கூடாது.

ஒவ்வொரு அறிகுறிக்கும் தரும் மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 10-ஐத் தாண்டினால் சிகிச்சை தொடங்கலாம். எக்ஸ்-ரே இருந்தால் இரண்டு வாரத்துக்கு மேற்பட்ட காய்ச்சலுக்கு 5, இருமலுக்கு 2. எக்ஸ்-ரே இல்லாத அட்டவணையில் அதே காய்ச்சலுக்கு 10, இருமலுக்கு 5. இரண்டையும் கலந்து கூட்டினால் கணக்கே தப்பு.

பெரிய சிக்கல் எக்ஸ்-ரேதான். நெஞ்சு நிணநீர்க் கணு வீக்கத்துக்கு மட்டுமே 17. குழந்தை திரும்பியபடி எடுத்த படத்தில் சாதாரண ரத்தக்குழாய் நிழல்கூட வீங்கிய கணுபோலத் தெரியும். கைக்குழந்தைக்கு, நெஞ்சின் மேற்பகுதியில் இருக்கும் தைமஸ் சுரப்பியும் ஏமாற்றும். காறையெலும்புகள் இரண்டும் முதுகெலும்பிலிருந்து சம தூரத்தில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பக்கவாட்டுப் படமும் கேளுங்கள்.

நோயைத் தவறவிடக் கூடாதென்றே அட்டவணையை அமைத்ததால், காசநோய் இல்லாத சில குழந்தைகளும் மாத்திரை சாப்பிட நேரும். அதை ஏற்கலாம். காசநோயா என்று முடிவாகும் முன், இடையில் லிவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுப்பதைத்தான் ஏற்கவே முடியாது: அது காசநோயையும் தற்காலிகமாக அடக்கி, அறிகுறிகளை மறைத்துவிடும்.