பெரியப்பாவின் தொலைக்காட்சிக்கு எந்தக் கணினி?

மயிலாடுதுறையில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு வயது 76. பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில் உள்ள 32 அங்குலத் தொலைக்காட்சியில் இணைய வசதி கிடையாது. எச்டிஎம்ஐ துளைகள் மட்டும் இரண்டு உண்டு. அவற்றில் ஒன்றைப் பெரியம்மாவின் செட்டாப் பாக்ஸ் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதமுள்ள துளையில் பொருந்துமாறு, பாட்டு கேட்கவும் படம் பார்க்கவும் ஒரு கணினியை 15,000 ரூபாய்க்கு மிகாமல் வாங்கித் தரும் பொறுப்பு என்னிடம் வந்தது. நான் சென்னையில் இருக்கிறேன். ஏதாவது பழுதென்றால் ஐந்து மணி நேரம் ரயிலில் போக வேண்டும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒப்பிட்டேன்.

கடைக்குப் போவதற்கு முன்பே, அவருக்கு என்னென்ன வேண்டும் என்பதை நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் அவர் கையாலேயே எழுத வைத்தேன். முதலாவது, வானொலியிலிருந்தும் கோயில் கச்சேரிகளிலிருந்தும் அவர் பதிவு செய்து, பின்னர் எம்பி3 ஆக மாற்றி வைத்திருக்கும் ஒலிநாடாக்கள். அவை ஒரு டெராபைட் வெளி ஹார்டு டிஸ்க்கில் இருக்கின்றன. இரண்டாவது, யூடியூப். மூன்றாவது, மகளின் திருமணக் காணொளி. விஎச்எஸ் நாடாவிலிருந்து டிவிடிக்கு மாற்றப்பட்டது. நான்காவது, சிங்கப்பூரில் இருக்கும் அந்த மகளுடன் ஞாயிறுதோறும் பெரிய திரையில் பேசுவது. கடைசியாக, செய்தித்தாளைப் பெரிய எழுத்தில் படிப்பது. திரைப்படச் செயலிகள் எதற்கும் சந்தா கட்டப்போவதில்லை என்றும் அடியில் எழுதிவிட்டார். அந்த ஒரு வரி தேர்வின் போக்கையே மாற்றியது என்பது பிறகுதான் தெரிந்தது.

எச்டிஎம்ஐ துளையில் நேராகச் செருகும் ஸ்டிக் வகைதான் எல்லாவற்றிலும் மலிவானது. ஃபயர் டிவி ஸ்டிக் போன்றவை என் வரம்பில் பாதிகூட ஆவதில்லை. கையடக்கமான ரிமோட், பேசித் தேடும் வசதி, வாங்கிய அன்றே வேலை செய்யும் எளிமை என்று முதியவர்களுக்கு ஏற்ற குணங்கள் பலவும் அதில் இருக்கின்றன. சந்தா கட்டிப் படம் பார்ப்பவர்களுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கட்டணப் படச் சேவைகள் வைட்வைன் என்ற உரிமப் பாதுகாப்பைப் பயன்படுத்துகின்றன. அதன் முதல் நிலைச் சான்று பெற்ற சாதனங்களுக்கே முழுத் தெளிவுள்ள படம் கிடைக்கும். நல்ல ஸ்டிக்குகளுக்கு அந்தச் சான்று இருக்கிறது, லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் கொண்ட கணினியின் உலாவிக்கு இல்லை. ஆகவே உங்கள் உறவினர் யூடியூபும் கட்டணப் படங்களும் மட்டுமே பார்ப்பவர் என்றால், மேற்கொண்டு படிக்காமல் ஒரு ஸ்டிக்கை வாங்கிக் கொடுத்துவிடலாம்.

பெரியப்பாவின் பட்டியலுக்கு முன் ஸ்டிக் திணறியது. ஹார்டு டிஸ்க்கை இணைக்க ஓடிஜி என்ற யுஎஸ்பி இணைப்புக் கம்பியும், மின்சாரம் ஏற்கும், பல துளைகள் கொண்ட தனி ஹப்பும் வேண்டும். தொலைக்காட்சியின் பின்னால் மூன்று பொருள்கள் கம்பிகளில் தொங்கும். அவருடைய பழைய ஆம்ப்ளிஃபயருக்கு ஒலி கொடுக்க ஸ்டிக்கில் துளையே இல்லை. வெப்கேம் வைத்துப் பேசவும் எளிய வழியில்லை. திருமணக் காணொளியில் இன்னொரு சிக்கல் இருந்தது. பால் (PAL) என்ற தொலைக்காட்சி முறையில் பதிவான காணொளி நொடிக்கு 25 படங்களைக் கொண்டது. ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை வரிகள், இரட்டைப்படை வரிகள் என்று இரண்டு பாதிகளாகப் பின்னப்பட்டிருக்கும். அந்தப் பின்னலைப் பிரிக்கத் தெரியாத செயலியில் ஓட்டினால், அசையும் உருவங்களின் ஓரமெல்லாம் சீப்புப் பற்களைப் போலக் கோடுகள் தெரியும். நண்பரின் ஸ்டிக்கை இரவல் வாங்கிப் போட்டுப் பார்த்தபோது, மாலை மாற்றும் காட்சி முழுவதும் அப்படித்தான் வந்தது. பிரிக்கும் வசதியுள்ள செயலிகளும் உண்டு, ஆனால் அந்த அமைப்பை ரிமோட்டில் தேடிப் பிடிப்பது ஒரு முதியவருக்கான வேலையல்ல.

இதே விலையில் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் நிறையக் கிடைக்கின்றன. அவற்றைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. கூகுளின் சான்று பெறாத மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் தீநிரல் தொழிற்சாலையிலேயே புகுத்தப்பட்டு வந்தது 2023இல் அம்பலமானது. பேட்பாக்ஸ் என்று பெயரிடப்பட்ட அந்தத் தீநிரலின் அடுத்த வடிவம் குறித்து 2025இல் அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களுக்கு எச்சரிக்கை விடுத்தது. ஓய்வூதியக் கணக்கைக் கைப்பேசியில் பார்க்கும் ஒருவரின் வீட்டு வைஃபையில் அத்தகைய பெட்டியை இணைப்பது, திருடனுக்குத் திண்ணையில் பாய் விரிப்பதற்குச் சமம்.

அடுத்தது ராஸ்பெரி பை என்ற, ஒரே பலகையில் அமைந்த சிறு கணினி. இதன்மீது எனக்குத் தனிப்பட்ட பிரியம் உண்டு என்பதால், என்னையே கொஞ்சம் சந்தேகத்துடன் கவனிக்க வேண்டியிருந்தது. 2019இல் வந்த நான்காம் பதிப்பில் லிப்ரெலெக் என்ற சிறிய இயங்குதளத்தை நிறுவினால், பாட்டும் படமும் ஓட்டும் கோடி (Kodi) என்ற மென்பொருள் நேரடியாகத் திறக்கும். எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே கட்டளைகளைக் கடத்தும் சிஇசி வசதி இருப்பதால், தொலைக்காட்சியின் சொந்த ரிமோட்டே அதையும் இயக்கும். இந்த வசதி சாதாரணக் கணினிகளில் பெரும்பாலும் கிடையாது. ஒலிநாடாத் தொகுப்புக்கு மட்டும் ஒரு கருவி தேடியிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்லியிருப்பேன். நான்காம் பதிப்பில் 3.5 மில்லிமீட்டர் ஒலித்துளை இருக்கிறது. 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அந்தத் துளையை எடுத்துவிட்டார்கள், எச்.264 என்ற முறையில் சுருக்கிய காணொளியை விரித்துக் காட்டும் தனிச் சுற்றான வன்பொருள் பிரிப்பானும் அதில் இல்லை. புதியது என்பதாலேயே மேலானது என்று எண்ணி வாங்கக் கூடாத பொருள்களில் இதுவும் ஒன்று.

ராஸ்பெரி பையை நான் கைவிட்டதற்குக் காரணங்கள் வேறு. கோடியில் யூடியூப் பார்க்க, கூகுளிடம் தனியாக ஏபிஐ சாவி என்ற அனுமதிக் குறியீட்டைப் பெற்று உள்ளிட வேண்டும். அது என்றாவது செயலிழந்தால் நான் ரயிலேற வேண்டும். உலாவியுள்ள இயங்குதளத்தை நிறுவினால் அந்தச் சிக்கல் தீரும், ஆனால் ஒரே ரிமோட்டில் எல்லாம் நடக்கும் சுகம் போய்விடும். இயங்குதளம் மெமரி கார்டில் இருப்பதால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் சிதையக்கூடும். பெரியப்பா வீட்டில் இன்வெர்ட்டர் விளக்குகளுக்கும் விசிறிகளுக்கும் மட்டுமே இணைக்கப்பட்டிருக்கிறது. மேலும் உறை, மின்தகவி (அடாப்டர்), கார்டு, மைக்ரோ எச்டிஎம்ஐ கம்பி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், மலிவு என்ற பெயர் பாதி கரைந்துவிடுகிறது.

செலவே இல்லாத வழி ஒன்றும் வீட்டிலேயே இருந்தது. பேரன் பன்னிரண்டாம் வகுப்பு படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி, பரணில் துணிப்பையோடு கிடந்தது. 2011இல் தொடங்கிய அந்தத் திட்டத்தின் கணினிகள் இன்றும் பல வீடுகளில் இப்படித்தான் உறங்குகின்றன. நினைவகம் கூட்டி, எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் பொருத்தி, இலகுவான லினக்ஸ் நிறுவினால் பெரும்பாலானவை எழுந்து நடக்கும். நல்ல நிலையில் உள்ள பேட்டரி, மின்வெட்டின்போது யுபிஎஸ் போலவே உதவும். நான் கையில் எடுத்ததில் பேட்டரி உப்பி, அடிப்பக்க மூடியைத் தள்ளிக்கொண்டிருந்தது. அதை மாற்றலாம்தான். ஆனாலும் மடிக்கணினியின் கேமரா தொலைக்காட்சிக்குக் கீழே மேசைமீது இருக்கும். பெரியப்பா பெரிய திரையைப் பார்த்துப் பேச, சிங்கப்பூரில் மகளுக்கு அவருடைய தாடையும் கூடத்து மின்விசிறியும்தான் தெரியும். இரண்டு நிமிடச் சோதனையிலேயே அந்த யோசனை முடிந்துபோனது.

எஞ்சியவை சிறு மேசைக்கணினிகள். உண்மையான போட்டியும் இங்கேதான் இருந்தது: இன்டெல் என்100 சில்லு கொண்ட புதிய மினி கணினியா, அலுவலகங்களில் ஓடிக் கழிந்து செப்பனிடப்பட்டு வரும் டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, லெனோவோ திங்க்சென்டர் டைனி போன்ற பெட்டியா?

2023இல் வந்த என்100 நான்கு கருக்கள் (கோர்) கொண்டது, 6 வாட் அளவுக்கு வடிவமைக்கப்பட்டது. யூடியூப் இப்போது அதிகம் பயன்படுத்தும் ஏவி1 வகைக் காணொளியை வன்பொருளிலேயே பிரிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. பொருள் புதியது, உத்தரவாதமும் வரும். என்னைத் தயங்க வைத்தது அதைத் தயாரிக்கும் நிறுவனங்களின் தன்மை. என் விலை வரம்புக்குள் வந்தவை எல்லாம் நான் முன்பின் கேள்விப்படாத பெயர்கள். ஈராண்டு கழித்து மின்தகவி பழுதானால் அதே அளவில் இன்னொன்றை மயிலாடுதுறையில் யாரிடம் கேட்பது? நினைவகமும் எஸ்எஸ்டியும் சேராத வெற்றுப் பெட்டியின் விலையை மட்டும் விளம்பரத்தில் பெரிதாகப் போடுபவர்களும் இருக்கிறார்கள்.

செப்பனிட்ட பெட்டியில் இந்தக் கவலை குறைவு. ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளளவே உள்ள அதைத் திறந்தால், நினைவகம், வட்டு, விசிறி என்று எல்லாவற்றையும் கழற்றி மாற்றலாம். உதிரிகள் சென்னையில் மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் குவிந்து கிடக்கின்றன. ஆனால் அங்கே “ஐ5 சார், சூப்பர் கண்டிஷன்” என்ற ஒரு வாக்கியத்தை நம்பி வாங்கக் கூடாது. ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது: 4570டி என்றால் நான்காம் தலைமுறை, 6500டி என்றால் ஆறாம் தலைமுறை, 8500டி என்றால் எட்டாம் தலைமுறை. நான்காம் தலைமுறைக்கு, எச்.264க்குப் பின் வந்த எச்இவிசி என்ற முறையில் சுருக்கிய காணொளியை வன்பொருளில் பிரிக்கத் தெரியாது. ஆறாம் தலைமுறைக்கு அதில் ஒரு பகுதிதான் கைவரும். ஏழிலிருந்துதான் பத்து பிட் எச்இவிசியும் விபி9 வகையும் முழுமையாகச் சாத்தியம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி பெறுபவை, பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான். ஆகவே எட்டுக்குக் கீழே இறங்குவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். ஒரு கடையில் எட்டாம் தலைமுறை என்று சொல்லி மேசைமேல் வைத்த பெட்டியை இயக்கி, சில்லின் பெயரைத் திரையில் பார்த்தபோது 6500டி என்றிருந்தது. கடைக்காரர் கொஞ்சமும் அசராமல், “அதுவும் ஐ5தான் சார்” என்றார்.

வேறொரு கடையில் 8500டி சில்லு, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி எஸ்எஸ்டியுடன் ஓர் ஆப்டிபிளெக்ஸ் 11,000 ரூபாய்க்குக் கிடைத்தது. பணம் கொடுக்கும் முன் நான்கு விஷயங்களைப் பார்த்தேன். பின்பக்கத்தில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறதா, ஏனெனில் சில மாதிரிகளில் டிஸ்ப்ளேபோர்ட் என்ற வேறு வகைத் துளை மட்டுமே இருக்கும். வைஃபை அட்டை உள்ளே உண்டா, ஏனெனில் அலுவலகக் கணினிகள் பல அது இல்லாமலே வரும். மின்தகவி நிறுவனத்தின் அசல்தானா, ஏனெனில் டெல் கணினி தன் மின்தகவியை அடையாளம் காணாவிட்டால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான்காவதாக, தாய்ப்பலகையில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரியைக் கையோடு புதிதாக மாற்றச் சொன்னேன். அது தீர்ந்துபோனால், மின்வெட்டுக்குப் பின் கணினியின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். உலாவி எந்தத் தளத்தையும் நம்பாமல் எச்சரிக்கை காட்டும். பெரியப்பா இணையமே கெட்டுவிட்டது என்று நினைப்பார்.

ஒப்பீட்டில் இந்தப் பெட்டி தோற்கும் இடங்களும் உண்டு. ஏவி1 பிரிப்பான் இதில் இல்லை. ஆறு கருக்கள் இருப்பதால் 1080பி தெளிவு வரை சில்லே சமாளித்துக்கொள்கிறது, 32 அங்குலத் திரைக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. விசிறியின் சத்தம் இரவில் மெல்லக் கேட்கும். பழைய கணினி மின்சாரத்தைத் தின்னும் என்று பயமுறுத்தினார்கள்; சராசரியாக 10 வாட், நாளுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தாலும் இரண்டு மாதங்களுக்கு மூன்று யூனிட்தான் வருகிறது. உண்மையான குறை ரிமோட். தொலைக்காட்சியின் ரிமோட் இதற்கு எடுபடாது என்பதால், தொடுபலகை சேர்ந்த கம்பியில்லா விசைப்பலகை ஒன்றையும் வெப்கேம் ஒன்றையும் வாங்கினேன். எல்லாம் சேர்ந்து 15,000 ரூபாயை எட்டி நின்றது. பெரியப்பாவுக்குத் தட்டச்சுப் பொறியில் பழக்கம் உண்டு. விசைகளைக் கண்டு மிரளும் ஒருவருக்காக வாங்கியிருந்தால், குறைகளையெல்லாம் மீறி ஸ்டிக்கைத்தான் தேர்ந்தெடுத்திருப்பேன்.

அமைப்பதில் சில சில்லறை வேலைகள் இருந்தன. லினக்ஸ் மின்ட்டை நிறுவி எழுத்துகளைப் பெரிதாக்கி, பாட்டு, யூடியூப், செய்தித்தாள், பேச்சு என்று நான்கே சின்னங்களைத் திரையில் விட்டேன். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில், மின்சாரம் திரும்பியதும் கணினி தானே எழும்படி மாற்றினேன். விசைப்பலகை முதல் நாள் விட்டு விட்டு வேலை செய்தது. அதன் சிறு அலைவாங்கி, ஹார்டு டிஸ்க் செருகிய யுஎஸ்பி 3 துளையின் பக்கத்திலேயே இருந்ததுதான் காரணம். யுஎஸ்பி 3 இணைப்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். அரை மீட்டர் நீட்டிப்புக் கம்பியில் அலைவாங்கியை முன்னால் கொண்டுவந்ததும் சரியாகிவிட்டது. தொலைவிலிருந்து உதவும் மென்பொருளை நிறுவுவதற்கு மட்டும் நெடுநேரம் யோசித்தேன். அத்தகைய செயலி வழியாகப் பணம் பறிபோவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019இலேயே எச்சரித்திருக்கிறது. எனவே எனக்கு மட்டும் தெரிந்த கடவுச்சொல்லை அதில் வைத்துவிட்டு, திரையில் வரும் எந்த எண்ணையும் தொலைபேசியில் யாரிடமும் படித்துக் காட்டக் கூடாது என்று அதே நாட்காட்டித் தாளின் அடியில் எழுதி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒட்டினேன்.

இரண்டு மாதமாகக் கணினியைப் பற்றி ஒரு புகாரும் வரவில்லை. செட்டாப் பாக்ஸுக்கும் கணினிக்கும் இடையே மாறும் பொத்தான் எது என்பதில்தான் தினமும் மாலையில் சச்சரவு. சென்ற வாரம் போனபோது, தொலைக்காட்சி ரிமோட்டில் அந்தப் பொத்தானின்மேல் பெரியம்மா நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்.