கிண்டியா, வடநெம்மேலியா, வண்டலூரா? பிள்ளைகளோடு பாம்பும் முதலையும் பார்க்க

சென்னைப் பக்கம் பிள்ளைகளுக்கு ஊர்வன காட்ட மூன்று இடங்கள் உண்டு: கிண்டி பாம்புப் பண்ணை, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, வண்டலூர் உயிரியல் பூங்கா. எது நல்லது என்று கேட்டால், பிள்ளைக்கு என்ன வயது, எவ்வளவு தூரம் நடக்கும் என்று திருப்பிக் கேட்கத்தான் வேண்டும்.

ஐந்து வயதுக்குள் என்றால் யோசிக்காமல் கிண்டி. 1972 முதல் அங்கே இருக்கும் பண்ணை. மொத்தமே ஏறத்தாழ ஒரு ஏக்கர்தான். ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்து, பக்கத்திலேயே இருக்கும் சிறுவர் பூங்காவுக்குப் போய்விடலாம். நாகம், கண்ணாடி விரியன், மலைப்பாம்பு, சாரை எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நாளில் சில முறை பாம்புகளைப் பற்றி விளக்கிப் பேசுகிறார்கள். அடுத்தது எப்போது என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டுக்கொண்டு, அதற்கேற்பச் சுற்றுங்கள். பாம்பு பால் குடிக்காது, மண்ணுளிப் பாம்புக்கு இரண்டு தலை கிடையாது என்பதெல்லாம் அப்பா சொல்வதைவிட அங்கே கேட்டால் பிள்ளை மனதில் நிற்கும்.

கிண்டியின் குறை கண்ணாடியில் விழும் வெளிச்சம்தான். உள்ளே பாம்பு தெரியாமல் பிள்ளையின் முகமே தெரியும். இரண்டு கையையும் கண்ணோரம் குவித்து, நெற்றியைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். போட்டோ எடுப்பதானாலும் லென்ஸைக் கண்ணாடியில் ஒட்டவைத்து, ஃபிளாஷை அணைத்துவிட்டு எடுக்கவேண்டும். பச்சைப் பாம்பு இருக்கும் கூண்டில் ‘ஒண்ணுமே இல்லை’ என்று நகர்ந்துவிடுவார்கள். இலைக்காம்புகளோடு காம்பாக நீட்டிக்கொண்டிருக்கும். கூரான மூக்கைத் தேடச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். கண் பால் படிந்ததுபோல் நீலம் பாய்ந்த பாம்பு தென்பட்டால், குருடோ நோயோ அல்ல, சட்டை உரிக்கப் போகிறது. கண்ணாடியைத் தட்டுவதை மட்டும் முதல் கூண்டிலேயே நிறுத்துங்கள். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. அதிர்வு உடம்பிலேயே போய் இறங்கும்.

ஆறேழு வயது தாண்டிய பிள்ளைக்கு வடநெம்மேலிதான் சரி. நகரத்திலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் என்பதால் அரை நாள் ஒதுக்கவேண்டும். அந்தச் செலவுக்கு ஈடாகக் கிடைப்பவை வேறெங்கும் கிடையாது. 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் சாய் விட்டேக்கரும் தொடங்கியது. நம்மூர்ச் சதுப்புநில முதலையின் அகன்ற வாயையும், கரியால் என்னும் முதலை வகையின், மீன் பிடிக்கவே நீண்ட ஒல்லி மூக்கையும் ஒரே சுற்றில் பார்த்து ஒப்பிடலாம். வளர்ந்த ஆண் கரியாலின் மூக்கு நுனியில் பானைபோல் ஒரு குமிழ் இருக்கும். பானை என்று பொருள்படும் வடநாட்டுச் சொல்லிலிருந்துதான் அதற்குப் பெயரே வந்தது. அல்டாப்ரா தீவின் ராட்சத ஆமைகளைவிட்டுப் பிள்ளைகள் நகரமாட்டார்கள்.

முதலையிடம் வரும் சிக்கல், அது அசையாததுதான். ‘பொம்மையாம்மா?’ என்று ஒரு குரல் கேட்கும், அடுத்து யாரோ ஒரு கல்லை விட்டெறிவார்கள். வாய்க்குள் விழுந்ததை முதலை விழுங்கிவிட்டால் அதற்குத்தான் கேடு. கல்லுக்குப் பதில் ஒரு வேலை கொடுங்கள்: கண்ணையே பார்க்கச் சொல்லுங்கள். உள்மூலையிலிருந்து ஒரு மெல்லிய திரை பக்கவாட்டில் ஓடி மூடித் திறக்கும். வாயைப் பிளந்தபடி கிடப்பது கோபத்தில் இல்லை, சூட்டைத் தணிக்க. சுவர் உயரத்துக்கு எட்டாத பிள்ளையை இடுப்பில் தூக்கிக் காட்டுங்கள். சுவர்மேல் உட்காரவைப்பது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

அதே வளாகத்தில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது, டிக்கெட் தனி. மூன்றிலும் வேறெங்கும் இல்லாத காட்சி இது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் வாயில் துணி கட்டிய மண்பானைகளில் இருக்கும். கொக்கியால் எடுத்து, தலையைப் பிடித்து, மேலே மெல்லிய உறை கட்டிய கண்ணாடிக் குவளையைக் கடிக்க வைப்பார்கள். உள்பக்கம் மஞ்சளாகச் சில துளி வழியும். பாம்புக்கடிக்கான மருந்து இந்த விஷத்தை வைத்துத்தான் தயாராகிறது. சில வாரம் வைத்திருந்து நாலு தடவை எடுத்தபின், மறுபடி பிடிபட்டால் தெரியும்படி வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிவிட்டு விடுவித்துவிடுவார்கள். வனத்துறை அனுமதியைப் பொறுத்துப் பாம்பு இல்லாத நாட்களும் வரும். இதற்காகவே போவதானால் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம், பயப்படும், அழும்.

வண்டலூர் 602 ஹெக்டேர். ஊர்வனவற்றுக்காக மட்டும் அங்கே போவது வீண். யானை, புலி பார்க்கப் போகும்போது பாம்பு வீட்டையும் முதலைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் அந்த நடையில் பிள்ளைகள் பாதியிலேயே களைத்துவிடும். பேட்டரி வண்டி கிடைத்தால் ஏறிக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் காலை பதினொன்றுக்குள் பார்த்து முடியுங்கள். உச்சி வெயிலில் பாம்பு பானைக்குள், முதலை தண்ணீருக்குள். கிண்டிக்கும் வண்டலூருக்கும் செவ்வாய் விடுமுறை, வடநெம்மேலிக்குத் திங்கள். நீண்ட வார விடுமுறையில் பலர் சிக்குவது இதில்தான். செருப்பைவிட ஷூ நல்லது. எதையாவது தொட்டிருந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் பாக்ஸைத் திறக்க விடாதீர்கள். ஊர்வனவற்றின் தோலில் சால்மொனெல்லா கிருமி இருக்கும், சின்னப் பிள்ளைகளைத்தான் முதலில் படுத்தும்.