கார்பன் பிளாக்கா, நானோகுழாயா, கிராஃபீனா? ராக்கெட்டின் திட எரிபொருளுக்கு எது கைகொடுக்கும்

2023 ஜூலை 14, பிற்பகல் 2.35. எண்ணூரில் எங்கள் மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருந்தோம். சந்திரயான்-3 ஏற ஏற, பின்னால் வெள்ளைப் புகை தடியாக நீண்டது. "இவ்ளோ புகை வருதே, உள்ள என்னப்பா எரியுது?" என்றார் பக்கத்து வீட்டு அண்ணன். "உப்பு, அலுமினியத் தூள், ரப்பர்ண்ணே" என்றேன். அவர் நம்பவில்லை.

உண்மை அதுதான். அந்த ராக்கெட்டின் பக்கவாட்டில் நின்று அதை உந்தும் எஸ்200 பூஸ்டர் ஒவ்வொன்றிலும் சுமார் 205 டன் திட எரிபொருள். எரிய ஆக்சிஜன் தரும் அம்மோனியம் பெர்குளோரேட் என்ற உப்பையும் அலுமினியத் தூளையும் ரப்பர் பிடித்து வைத்திருக்கும். இதில் துளி கார்பன் சேர்த்து மேம்படுத்தலாம் என்றால், எந்தக் கார்பன்?

கார்பன் பிளாக், அதாவது புகைக்கரி போன்ற கறுப்புத் தூள், பழைய ஆள். திருவொற்றியூர்ப் பக்கம் டயர் வேலை பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. டயர் கறுப்பாக இருப்பதே அதனால்தான். விலை குறைவு, கலப்பதும் சுலபம். தீயின் ஒளி எரிபொருளுக்குள் ஆழமாகப் புகாமல் தடுக்கும். பெரிய பாய்ச்சலை எதிர்பார்க்க முடியாது.

1991-இல் ஜப்பானிய விஞ்ஞானி இஜிமாவின் ஆய்வால் புகழ்பெற்ற நானோகுழாய், அதாவது கார்பன் அணுக்களாலான மிக நுண்ணிய குழாய், வேறு ரகம். ரப்பருக்குள் நார் போல ஓடி விரிசலைத் தடுக்கும். இது சின்ன விஷயமில்லை: விரிசல் விட்டால் அந்த இடுக்கிலும் தீ பரவும், அழுத்தம் எகிறும், எரிபொருளை அடக்கிய மோட்டாரே வெடிக்கலாம். ஆனால் சிக்கு விழுந்த தலைமுடி மாதிரி சுருண்டுகொள்ளும். ஆடி மாதம் கூழ் காய்ச்சுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை தெரியும்; மாவு கட்டி தட்டிவிட்டால் அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் சரிவராது. எரிபொருள் கலவையும் கெட்டியானால் அச்சில் ஒழுங்காக இறங்காது, காற்றுக் குமிழி தங்கிவிடும்.

கிராஃபீன் என்பது ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாள்; அதைத் தனித்துப் பிரித்தது 2004-இல். தனியாகப் போடுவதைவிட, செம்பு அல்லது இரும்பு ஆக்சைடுத் துகள்களை அதன் தாளில் ஒட்டிச் சேர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரவி நிற்கும். பெர்குளோரேட் குறைந்த வெப்பத்திலேயே சிதையத் தொடங்கும். தாள்களும் அடுக்கடுக்காக ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மைதான். கார்பனை அள்ளிப் போடவும் கூடாது. உப்புக்கான இடத்தை அது தின்றுவிடும்.

ஆய்வகத்தில் சில மில்லிகிராமைச் சூடாக்கிப் பார்த்து வரும் முடிவுகள் அழகாகத்தான் இருக்கின்றன. அதை வைத்து 205 டன்னுக்குத் தாவ என் மனம் ஒப்பவில்லை. சின்ன மோட்டார்களில் கிராஃபீன் முதலில் தேறி வரட்டும். பெரிய பூஸ்டருக்கு, கட்டி தட்டாமல் ஊற்ற வருகிற கார்பன் பிளாக்கே இப்போதைக்கு என் தேர்வு.