ஊருக்கு வெளியே பெரிதா, ஊருக்குள் சிறிதா? திருகோணமலைக்கு ஓர் உதைபந்தாட்ட அரங்கு

திருகோணமலையில் உதைபந்தாட்டத்துக்கென்றே புதிதாக ஓர் அரங்கு கட்டுவதானால் எங்கே கட்டலாம்? நண்பர்களுக்குள் இந்தப் பேச்சு வந்தால் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவோம். அநுராதபுரம் வீதியால் போய், கன்னியாப் பக்கம் விசாலமான காணி எடுத்து, இருபதாயிரம் பேருக்குக் கட்ட வேண்டும் என்பது ஒரு கட்சி. நகருக்குள்ளேயே, சனம் நடந்து வரக்கூடிய இடத்தில், ஐயாயிரம் பேருக்குக் கட்டினால் காணும் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. மெக்கெய்சர் விளையாட்டரங்கு இருக்கிறதே என்பவர்களும் உண்டு. அது எல்லா விளையாட்டுக்கும் பொது. உதைபந்தைக் கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பார்க்கிற சுகம் தனி மைதானத்தில்தான் கிடைக்கும்.

வெளியே கட்டுவதன் வசதியை மறைக்கத் தேவையில்லை. 105 மீற்றர் நீளம், 68 மீற்றர் அகலம் என்ற சர்வதேச அளவு ஆடுகளத்தோடு வாகனத் தரிப்பிடம், பயிற்சித் திடல் எல்லாம் நெருக்கடியில்லாமல் அமையும். யாருடைய வாசலும் மறிபடாது. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் அக்கா ஒருவர் சொல்வார்: "தம்பி, மச் நாளில வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாது. கேற்றுக்கு முன்னால பத்து மோட்டார் சைக்கிள் நிக்கும்." அவர் சொல்வது உண்மை. நகருக்குள் கட்டு என்று கேட்பவன் முதலில் அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆனாலும் சூரியவெவ கண்முன் நிற்கிறது. 2011 உலகக் கிண்ணத்தையொட்டி அம்பாந்தோட்டை மாவட்டத்தில், ஊரைவிட்டுத் தள்ளி எழுந்த 35,000 பேருக்கான கிரிக்கெட் அரங்கு அது. ஆட்டம் நடக்கிற நாட்கள் சொற்பம். மற்ற நாட்களில் அந்தப் பக்கம் போக யாருக்கும் வேலையில்லை. கிரிக்கெட்டுக்கே இந்த நிலை என்றால், உள்ளூர்க் கழகங்களின் உதைபந்தாட்டத்தை நம்பி இருபதாயிரம் கதிரை போடலாமா? பயணமும் இருக்கிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ரசிகர்கள் பஸ் ஏறி நேரே நகருக்கு வந்துவிடலாம். கன்னியாவில் மைதானம் என்றால் நகரில் இறங்கி இன்னொரு பஸ். ஆட்டம் முடிந்து திரும்பும்போது கடைசி பஸ் போயிருக்கும்.

உவர்மலைச் சரிவில் துறைமுகம் தெரிகிற மாதிரிக் கட்டினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். போர்த்துக்கல்லின் பிராகா நகரில் கற்குழியொன்றைக் குடைந்து, ஒரு கோலுக்குப் பின்னால் பாறையையே சுவராக விட்டு அப்படி ஒன்று கட்டினார்கள், 2003இல். வடிவான அரங்கு. நகரசபை நெடுங்காலம் அதன் கடனைச் சுமந்தது. அதோடு அந்த யோசனையை விட்டுவிடலாம்.

எனக்குப் பிடித்தவை வேறு இரண்டு. லண்டனில் பிரென்ட்ஃபோர்ட் கழகம் 1904 முதல் தெருக்களுக்கு நடுவே ஆடிவந்தது. 2020இல் புது அரங்குக்கு மாறியபோதும் ஊரைவிட்டுப் போகவில்லை. ரயில் பாதைகளுக்கு இடையில் கிடந்த முக்கோணத் துண்டில் 17,250 பேருக்குக் கட்டி, சுற்றிவர வீடுகளையும் எழுப்பியது. கதிரைகளைப் பல நிறத்தில் கலந்து போட்டிருப்பதால், பாதிச் சனம் வந்தாலும் வெறுமை தெரியாது. மற்றது பெர்லினின் யூனியன் கழகம். 2008, 2009இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் 1,40,000 மணித்தியாலம் சம்பளமின்றி உழைத்து அரங்கைப் புதுப்பித்தார்கள். நம்மூர் வார்த்தையில் சிரமதானம். அங்கே கதிரைகள் கொஞ்சம்தான், பெரும்பாலானவர்கள் நின்றே பார்க்கிறார்கள். நமக்கும் அது பொருந்தும்.

நகருக்குள் என்றால் எப்படிக் கட்டுவது? ஆடுகளம் வடக்குத் தெற்காக இருக்க வேண்டும், பின்னேர வெயில் கோல்காப்பாளரின் கண்ணில் அடிக்கக்கூடாது. கூரை போட்ட பார்வையாளர் அரங்கு மேற்குப் பக்கத்தில் ஒன்று மட்டும் போதும். வெயில் அதன் முதுகில் விழும், முன்னால் நிழல். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசுகிற கச்சான் காற்றையும் அதுவே தடுக்கும். அதன் பின்பக்கம் தெருவைப் பார்த்திருக்கும். அங்கே வெறும் சுவர் எழுப்பாமல் தேநீர்க் கடை, சைக்கிள் திருத்துமிடம், கழகங்களுக்கு அறைகள் வைத்தால் ஆட்டமில்லாத நாளிலும் வெளிச்சம் இருக்கும். கிழக்கே படிக்கட்டே வேண்டாம். புல் மேடு போதும், கடற்காற்றும் உள்ளே வரும்.

ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வாடைக்கால மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்தடிக்கும், மேற்கு அரங்கின் முன்வரிசை நனையத்தான் செய்யும். அதனால் போட்டிகளைக் கச்சான் காலத்தில் வைத்து, மழையைச் சேமிக்கலாம். 100 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலமான கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒன்றரை லட்சம் லீற்றர் தண்ணீர். நிலத்தடித் தொட்டியில் விட்டால் கோடையில் புல்லுக்கு உதவும்.

மின்னொளிக் கோபுரங்களையும் நான் கேட்கமாட்டேன். நாலு மணிக்குத் தொடங்கினால் பொழுதுபட்டு மஃரிப் தொழுகைக்கு முன் ஆட்டம் முடியும், பக்கத்து வீடுகளின் படுக்கையறையில் வெளிச்சம் விழாது. மான்களையும் நினைக்க வேண்டும். நகருக்குள் புள்ளிமான் திரிகிற ஊர் இது, ஆட்டம் முடிந்த மைதானத்தில் பொலித்தீன் கிடந்தால் அவை தின்னும். கச்சான் கடலையைக் கடதாசிச் சுருளில் மட்டும் விற்க விட வேண்டும்.

அக்காவுக்கும் பதில் உண்டு. மைதானத்தில் வாகனத் தரிப்பிடமே வைக்கக்கூடாது. வைத்தால் எல்லோரும் வாகனத்தோடு வருவார்கள். மச் நாளில் சுற்றியுள்ள ஒழுங்கைகளைக் குடியிருப்பவர்களுக்கு மட்டும் திறந்துவிட வேண்டும். நான் கீறிய படத்தை அவரிடம் காட்டினேன். கூரையையோ கடைகளையோ அவர் பார்க்கவில்லை.

"மச் இல்லாத நாளில உள்ள நடக்க விடுவாங்களா?"

"விடலாம் அக்கா, விடிய ஐந்தரைக்கே."

"அப்ப எங்கட பக்கம் ஒரு வாசல் வைங்க."

நான் கீறிய படத்தில் அந்தப் பக்கம் மதில்தான் இருந்தது.