அண்டார்டிகா படகுப் பயணம்: கப்பலில் எத்தனை பேர் என்று கேட்காமல் பணம் கட்டிவிடாதீர்கள்

அண்டார்டிகா செல்லும் கப்பலுக்குப் பணம் கட்டுமுன், அந்தக் கப்பல் எத்தனை பயணிகளை ஏற்றிச் செல்கிறது என்ற கேள்விக்கு எழுத்து வடிவில் விடை வாங்கிக்கொள்ளுங்கள். அதை வாங்காமல் விட்ட நானும் என் மனைவியும் பல ஆண்டுச் சேமிப்பைக் கொடுத்துவிட்டு, பெரும்பாலான நேரத்தைக் கப்பலின் கண்ணாடிச் சன்னலருகே உட்கார்ந்து கழித்தோம்.

கோவையில் உள்ள ஒரு பயண முகவர் எங்களுக்குப் பதினோரு நாள் பயணம் ஒன்றை விற்றார். அர்ஜென்டினாவின் உசுவாயாவில் கப்பலேறும் நாளையும் இறங்கும் நாளையும், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் இடையிலுள்ள டிரேக் நீரிணையைக் கடக்கப் போக இரண்டு நாளையும் வர இரண்டு நாளையும் கழித்தால், அண்டார்டிகா தீபகற்பக் கரையோரத்தில் மிஞ்சுவது ஐந்து நாள்தான். அந்த ஐந்து நாளும் காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை இரப்பர் படகில் அழைத்துச் சென்று பென்குயின்களையும் சீல்களையும் திமிங்கிலங்களையும் காட்டுவார்கள் என்றும், கப்பலில் இருநூறு பேருக்கு மேல் இருக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். விளம்பரத் தாளின் முகப்பில் பேரரசப் பென்குயின் தன் குஞ்சோடு நின்றது. அவ்வழியில் செல்பவர்கள் வழக்கமாகக் காண்பவை ஜென்டூ, சின்ஸ்ட்ராப், அடேலி ஆகிய மூன்று இனங்களே என்பதைத் தேடிப் படித்திருந்தால், எனக்கு அன்றே சந்தேகம் தட்டியிருக்கும்.

முழுப் பணமும் கட்டி முடித்த பின், புறப்பட மூன்று வாரம் இருக்கும்போது, "அதே தரத்தில் வேறு கப்பல்" என்று ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் கப்பலை மாற்றும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று இருந்தது. நான் படிக்காமல் கையெழுத்திட்டது என் தவறு. புதிய கப்பலில் ஏறக்குறைய 380 பேர் இருந்தோம்.

இந்த எண் ஏன் முக்கியம் என்பது கப்பலில் ஏறிய பிறகுதான் புரிந்தது. அங்கே ஓரிடத்தில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக்கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றிவரும் கப்பலிலிருந்து ஒருவர்கூட இறங்க முடியாது. ஆகவே எங்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு படகில் பத்துப் பேர் வீதம் ஏற்றி, முழங்கால்வரை வரும் காலணியைக் கிருமிநாசினியில் முக்கி எடுத்து, ஒரு குழு போய்த் திரும்பியபின் அடுத்த குழு போகவேண்டும் என்றால், காலையில் தொடங்கும் ஒரு சுற்று முடியவே பிற்பகலாகிவிடும். நாளுக்கு இரண்டு முறை என்ற வாக்குறுதி அந்தக் கப்பலில் கணக்கின்படியே நடக்காத காரியம். விற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

இரண்டு நாள் காற்றினால் எல்லாமே ரத்தாயின. அதற்கு யாரையும் குறை சொல்லமாட்டேன். எஞ்சிய மூன்று நாளில் எங்களுக்குக் கிடைத்தவை இரண்டு முறை கரை, இரண்டு முறை படகுச் சுற்று. கூவர்வில் தீவில் ஜென்டூக் குஞ்சுகளுக்கு ஐந்து மீட்டர் தள்ளி நின்றது ஐம்பது நிமிடம். பாரடைஸ் விரிகுடாவில் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தியதும், பனிப்பாளத்தின்மேல் படுத்திருந்த சிறுத்தை சீல் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்துவிட்டு மறுபடி உறங்கியது. அந்த அமைதிக்குள் எங்கோ ஒரு கூன்முதுகுத் திமிங்கிலம் மூச்சுவிடும் ஓசை கேட்டது. அடுத்த குழு காத்திருந்ததால் உடனே திரும்பவேண்டியதாயிற்று. வழிகாட்டிகள் திறமையானவர்கள், விதியை ஒரு மீட்டர்கூட மீறாதவர்கள். இந்த மனக்குறை அவர்கள்மேல் இல்லை.

போக நினைப்பவர்கள் கப்பலின் பெயரைக் கேட்டு வாங்கி, 1991-இல் தொடங்கப்பட்ட அண்டார்டிகா சுற்றுலா நடத்துநர்களின் பன்னாட்டுச் சங்கத்தில் அது எந்த வகையில் இருக்கிறது என்று பாருங்கள். 13 முதல் 200 பயணிகள் வரை சி1, 201 முதல் 500 வரை சி2; இரண்டாம் வகைக்கு இடத்திலும் நேரத்திலும் கட்டுப்பாடு கூடுதல். கப்பல் மாறினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்ற வரியை ஒப்பந்தத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு முகவரைப் பாருங்கள்.

திரும்பி வந்து கேட்டபோது, "வானிலைக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்ற ஒரே பதிலை மூன்று முறை அனுப்பினார்கள். பிறகு அடுத்த பயணத்தில் சிறு தள்ளுபடி தருவதாகச் சொன்னார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம் என்பதால், விளம்பரத் தாள், கப்பல் மாற்ற மின்னஞ்சல், கப்பலில் தினமும் கொடுத்த நிகழ்ச்சித் தாள்கள் ஆகியவற்றை இணைத்து மாவட்ட ஆணையத்தில் கொடுத்திருக்கிறேன். அந்த நிகழ்ச்சித் தாள்களைக் குப்பையில் போடாமல் எடுத்துவைத்தவர் என் மனைவி.